கழற்றி மாட்டினால் சரியாகிற கோளாறு

"மேம்பாலத்துல ஏறும்போது திடீர்னு இழுவை போயிடுச்சுண்ணே. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், வண்டி அது பாட்டுக்கு ஊர்ந்துக்கிட்டு இருக்கு. பின்னாடி பஸ்காரர் ஹாரன். ஓரமா நிறுத்தி சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது." பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக் ஷெட்டில் சொல்லும் புகார் அநேகமாக வார்த்தை மாறாமல் இப்படித்தான் இருக்கும். ஷெட்டுக்கு வந்த வண்டியோ நல்ல பிள்ளையாக நிற்கும். ஸ்கேனரை மாட்டினால் பி2135 என்று ஓர் எரர் கோட் காட்டும். "த்ராட்டில் பாடி போயிடுச்சு சார், மாத்திடலாம்." எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் பாகம் அது. மாடலைப் பொறுத்துப் பத்தாயிரம், இருபதாயிரம், சிலவற்றுக்கு அதற்கும் மேலே. மாற்றுவார்கள், சரியாகிவிடும். மூன்று மாதம் கழித்து ஒரு நல்ல மழைக்கோ, வாட்டர் வாஷுக்கோ பிறகு அதே மேம்பாலம், அதே ஊர்தல்.

நடுவில் வருகிற அந்த "சரியாகிவிடும்" என்பதுதான் உறுத்தல். பழைய பாகத்தைக் கழற்ற முதலில் அதன் கப்ளரை (வயர்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் செருகியை) உருவ வேண்டும். புதியதை மாட்டியதும் கப்ளரை அழுத்திச் செருக வேண்டும். அந்த உருவலிலும் செருகலிலும் உள்ளே இருக்கும் பின்கள் உரசி, மேலே படிந்திருந்த ஆக்ஸைடு படலம் சுரண்டப்பட்டுவிடுகிறது. சில வாரங்களுக்குத் தொடர்பு சுத்தமாக இருக்கும். வேலை செய்தது அந்த ஒரு நொடி உரசல், பெயர் வாங்கியது புதுப் பாகம். கார்பன் கிளீனர் அடித்துக் கழுவினாலும் இதே கதைதான். கழுவுவதற்கும் கப்ளரை உருவித்தானே ஆக வேண்டும்? விட்டு விட்டு வரும் த்ராட்டில் கோளாறில், கோளாறு வருகிற அந்தக் கணத்தை ஒருமுறையாவது பதிவு செய்யாமல் கப்ளரில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. கை வைத்த மறு நொடி தடயம் அழிந்துபோகிறது.

இரண்டு சாட்சிகள்

பெடலோடு கேபிளால் இணைக்காமல் மோட்டாரே திருப்பும் த்ராட்டில் 1987லேயே பிஎம்டபிள்யூவின் 12 சிலிண்டர் 7 சீரிஸில் வந்துவிட்டது. நம் ஊர் சாதாரண கார்களில் அது பரவலானது 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பிஎஸ் 4 புகை விதி வந்ததை ஒட்டிய வருடங்களில். இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிகள் பெரும்பாலும் அந்தத் தலைமுறைதான். உள்ளே இருக்கும் அமைப்பு எளிமையானது. காற்றுப் பாதையைத் திறந்து மூடும் வட்டத் தகடான பட்டர்பிளையைத் திருப்ப ஒரு சின்ன டிசி மோட்டார், நடுவில் பிளாஸ்டிக் பற்சக்கரம், இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங். மோட்டாருக்குக் கரண்ட் நின்றால் ஸ்பிரிங் பட்டர்பிளையை முழுக்க மூடாது. சில டிகிரி திறந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தும். அந்தச் சந்தில் போகிற காற்றில்தான் மேம்பாலத்தில் ஊர்கிறோம். லிம்ப் மோடு என்பது இதுதான்.

பட்டர்பிளை எங்கே நிற்கிறது என்று சொல்ல இரண்டு சென்சார்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று என்ற உபரிக்காக மட்டும் இரண்டு வைக்கவில்லை. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கத்தான் முக்கியமாக. பல வண்டிகளில் முதல் சென்சார் மூடிய நிலையில் 0.5 வோல்ட் சுமாரில் தொடங்கி முழுக்கத் திறந்தால் 4.5 வரை ஏறும். இரண்டாவது அதற்கு நேர்தலைகீழாக 4.5ல் தொடங்கி 0.5க்கு இறங்கும். இரண்டும் சொல்வது பொருந்தாவிட்டால், பல வண்டிகளில் அரை நொடிக்குள்ளேயே, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ, மோட்டாரின் கரண்டை வெட்டிவிடும். வெட்டியதை அந்த ஓட்டத்தில் திரும்பத் தராது. சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் மறுபடி நம்பும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணால் சரியாவதற்கு இவ்வளவுதான் காரணம். அதை வைத்து "எலக்ட்ரானிக்ஸ் ஹேங் ஆகுது, ஈசியூ மாத்தணும்" என்று தொடங்குகிறவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து வண்டியைக் காப்பாற்றுங்கள்.

பி2135 சொல்வது "இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகவில்லை" என்பதை மட்டும். எந்தச் சாட்சி பொய் சொன்னது, அல்லது இரண்டும் உண்மை சொல்லி நடுவில் வயர் கெடுத்ததா என்று அந்தக் கோடில் எதுவும் இல்லை. ஸ்கேனர் திரையில் "த்ராட்டில் பொசிஷன் சென்சார்" என்ற எழுத்தைப் பார்த்ததும் சென்சார் போய்விட்டது என்று படிப்பதுதான் முதல் சறுக்கல். கூட வருகிற கோட்களையும் பார்க்க வேண்டும். பி0122, பி0222 என்றால் அந்தந்த சென்சாரின் வோல்டேஜ் அளவுக்குக் கீழே விழுந்தது. பி0123, பி0223 என்றால் அளவுக்கு மேலே போனது. பி0641 இருந்தால் 5 வோல்ட் சப்ளையே ஆடியிருக்கிறது. பி2101, பி2118, பி2119 என்றால் விவகாரம் மோட்டார் பக்கம். பி2138 ஆக்ஸிலேட்டர் பெடல் சென்சாருடையது, த்ராட்டில் பாடியைத் தொடவே வேண்டாம். பி2106 போன்றவை "பவரைக் குறைத்துவிட்டேன்" என்ற அறிவிப்பு மட்டுமே. அதற்காக எந்தப் பாகத்தையும் மாற்ற முடியாது. கோட்களை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு, பேட்டரி வோல்டேஜ் என்று கோளாறு வந்த நொடியின் நிலவரம் அதில்தான் இருக்கிறது. பேட்டரி டெர்மினலைக் கழற்றி "ரீசெட்" பண்ணுகிற பழக்கத்தில் முதலில் தொலைவது அதுதான்.

கூட்டிப் பார்த்தால் தெரியும்

மூடிய நிலையில் 0.5ம் 4.5ம், கூட்டினால் 5. பாதி திறந்தால் 2.5ம் 2.5ம், கூட்டினால் 5. முழுக்கத் திறந்தாலும் 5. தலைகீழ் ஜோடி உள்ள த்ராட்டில் பாடியில் பட்டர்பிளை எங்கே நின்றாலும் இரண்டு வோல்டேஜின் கூட்டுத்தொகை மாறக்கூடாது. இந்தச் சின்னக் கணக்கில்தான் மொத்த வேலையும் திரும்புகிறது. இரண்டு எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் டிரைவரின் கால் அசைகிறதா, கோளாறு அசைகிறதா என்று பிரிக்க முடியாது. கூட்டுத்தொகையில் கால் அசைவது தெரியாது. கோளாறு மட்டும்தான் தெரியும்.

இன்னும் ஒரு படி போகலாம். த்ராட்டில் பாடி கப்ளரில் பொதுவாக ஆறு பின்கள் இருக்கும். மோட்டாருக்கு இரண்டு, சென்சார் சிக்னல் இரண்டு, இரண்டு சென்சாருக்கும் பொதுவாக ஒரு 5 வோல்ட், பொதுவாக ஓர் எர்த். எர்த் பின்னில் தொடர்பு கெட்டு அங்கே 0.3 வோல்ட் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் அடிமட்டம் 0.3க்கு உயர்ந்துவிடும், இரண்டு சிக்னலும் மேலே தள்ளப்படும். கணக்குப் போட்டால் கூட்டுத்தொகை மிகச் சரியாக 5.3 வரும். பட்டர்பிளை எந்தக் கோணத்தில் இருந்தாலும் அதே 5.3. மாறாக 5 வோல்ட் பின்னில் 0.3 விழுந்தால் கூட்டுத்தொகை 4.7. அதாவது 5க்கு மேலே எவ்வளவு போகிறதோ அவ்வளவு எர்த்தில் போகிறது, கீழே எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சப்ளையில் போகிறது. எர்த் முழுக்க அறுந்தால் இரண்டு சிக்னலும் 5ஐ நோக்கிப் பாயும். சப்ளை அறுந்தால் இரண்டும் பூஜ்யத்துக்கு விழும். ஒரு சிக்னல் மட்டும் எகிறி மற்றது அசையாமல் இருந்தால் அந்த ஒரு வயர், அந்த ஒரு பின், அல்லது அந்த ஒரு தடம் (பழைய ரக சென்சாருக்குள் ஊசி உரசி நகரும் பட்டை). ஒற்றை சிக்னல் வயர் அறுந்தால் மேலே போகுமா கீழே விழுமா என்பது ஈசியூவுக்குள் இருக்கும் ரெசிஸ்டர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. அது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு சிக்னலும் எதிரெதிர்த் திசையில் ஒரே அளவு நகர்ந்து கூட்டுத்தொகை 5லேயே நின்றால் பட்டர்பிளை உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது. அப்போது சென்சாரை விட்டுவிட்டு மோட்டார், பற்சக்கரம், கார்பன் பக்கம் போகலாம்.

எல்லா வண்டியும் தலைகீழ் ஜோடி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலவற்றில் இரண்டு சிக்னலும் ஒரே திசையில் ஏறும், இரண்டாவது கொஞ்சம் உயரத்தில் தொடங்கும். பெடல் சென்சார்களில் பெரும்பாலும் இரண்டாவது முதலாவதில் பாதியாக இருக்கும். கால் எடுத்த நிலையில் 0.75க்கு 0.37, முழுக்க மிதித்தால் 4க்கு 2 என்பது போல. அங்கே கூட்டலுக்குப் பதில் இரண்டால் பெருக்கிக் கழித்துப் பார்க்க வேண்டும். உறவு எதுவோ அதைச் சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் வண்டி நன்றாக இருக்கும்போதே ஐந்து இடங்களில் அளந்து எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

கறுப்பு வயரை எங்கே வைப்பது

மீட்டரை எடுத்ததும் சிவப்பைச் சிக்னல் பின்னிலும் கறுப்பை அதே கப்ளரின் எர்த் பின்னிலும் வைப்பது கை தானாகச் செய்யும் காரியம். கோளாறு எர்த்தில் இருந்தால் அதை மறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. எர்த் 0.3 உயர்ந்தால் மீட்டரின் பூஜ்யமும் கூடவே 0.3 உயர்ந்துவிடும், எல்லாம் சரியாகவே தெரியும். கறுப்பு வயர் ஈசியூ முனையில், அங்கே வந்து சேரும் சென்சார் எர்த் பின்னில் இருக்க வேண்டும். ஈசியூ எதைப் பூஜ்யம் என்று நினைக்கிறதோ அதுவே நம் பூஜ்யம். பின்பக்கமிருந்து மெல்லிய குண்டூசியை ரப்பர் சீலை ஒட்டி நுழைத்துத் தொடலாம். வயரின் தோலைக் குத்தி அளக்கக் கூடாது. கடற்கரை ஊர்களில் அந்த ஓட்டை வழியாக ஈரக்காற்று புகுந்து, ஒரே வருடத்தில் உள்ளே தாமிரம் பச்சை பூத்துவிடும். இன்று தேடும் கோளாறை நாளைக்கு நாமே செய்து வைத்த மாதிரி ஆகும்.

பதிவு செய்ய எது வேண்டும்? பழைய வண்டிகளில் கே-லைன் என்ற ஒற்றை வயர் மூலம் பேசும் ஸ்கேனர் நொடிக்கு 10.4 கிலோபிட் வேகத்தில்தான் பேசுகிறது. பத்து அளவீடுகளைத் திரையில் வைத்தால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறை புதுப்பித்தால் பெரிய விஷயம். 20 மில்லி நொடி அறுந்து திரும்பிய தொடர்பு அதன் இடுக்கில் நழுவிப்போகும். "கிராஃப் நேரா இருக்கு சார், சென்சார் ஓகே" என்பது இந்த வேகத்தில் எதையும் நிரூபிக்காது. ஸ்கேனர் மட்டும்தான் இருக்கிறது என்றால் இரண்டு த்ராட்டில் சென்சார், ஆர்பிஎம் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உண்மையில் வேண்டியது வோல்டேஜின் அசைவைக் கோடாக வரைந்து காட்டும் இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப், விலை குறைந்த யூஎஸ்பி ரகமே போதும். இரண்டு சிக்னலையும் இரண்டு சேனலில் கொடுத்து, மேத் சேனலில் இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள். மில்லி நொடிக்கு ஒரு சாம்பிள் இருந்தால் தாராளம். மெல்ல நகரும் ரோல் மோடில் போட்டு அரை மணி நேரம் பதிய விடலாம். 5 என்று கோடு போட்டது போல ஓடும் மேத் சேனலில் ஒரு முள் குத்தினால் அதுதான் நீங்கள் தேடிய கணம். முள் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டாம், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

நின்ற இடத்திலேயே கோளாறை வரவழைக்கவும் பார்க்கலாம். சாவி ஆன், எஞ்சின் ஆஃப், பெடலை முப்பது நொடி எடுத்து மெதுவாக மிதித்து மெதுவாக விடுங்கள். பல வண்டிகளில் பட்டர்பிளை கூடவே வரும். தடம் தேய்ந்த பழைய ரக சென்சார் இங்கேயே ஓரிடத்தில் குதித்துவிடும், பெரும்பாலும் ஐடிலுக்கும் மெது ஓட்டத்துக்கும் உரிய அந்தக் குறுகிய பகுதியில். வாழ்நாளில் பெரும்பகுதி ஊசி உரசிக்கொண்டிருந்தது அங்கேதானே. அதில் ஒன்றும் வரவில்லை என்றால் எஞ்சினை ஓடவிட்டு வயரிங்கை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்து வாருங்கள். கப்ளரிலிருந்து தொடங்கக் கூடாது, ஈசியூ பக்கமிருந்து தொடங்கி கப்ளரில் முடிக்க வேண்டும். பிறகு சூடு: இருபது நிமிடம் ஓடிய பிறகே வருகிறது என்றால் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து, கை பொறுக்காத சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பிளாஸ்டிக் மூடியை உருக்கிவிட்டுச் சென்சாரைக் குறை சொல்லக் கூடாது. மழையில்தான் வருகிறது என்றால் பூச்செடிக்கு அடிக்கும் ஸ்பிரேயர் போதும். ஏசி போட்டால் மட்டும் வருகிறது என்றால் ஏசி பிரஷர் சென்சாரைச் சந்தேகியுங்கள். பல வண்டிகளில் அதுவும் த்ராட்டில் சென்சாரும் ஈசியூவுக்குள் ஒரே 5 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தச் சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலோ, ரேடியேட்டர் ஓரத்தில் அதன் வயர் உரசி பாடியில் தொட்டாலோ விழுவது த்ராட்டிலின் சப்ளை. கூட்டுத்தொகை கீழே சரிந்து, ஏசி சென்சார் கப்ளரை உருவியதும் 5க்குத் திரும்பினால் ஆள் அகப்பட்டான். வயர்தான் உரசுகிறது என்றால் கப்ளரை உருவினாலும் திரும்பாது.

கப்ளருக்குள் நடப்பது

இந்த ஆறு பின்களில் கெடுவது பெரும்பாலும் சென்சார் பின்கள், அதுவும் எர்த் பின். ஏன் மோட்டார் பின் அல்ல? மோட்டார் பின்னில் ஆம்பியர் கணக்கில் கரண்ட் ஓடுகிறது. மெல்லிய ஆக்ஸைடு படலம் இருந்தால் அந்தக் கரண்டே அதை உடைத்துக்கொண்டு போய்விடும். சென்சாரில் ஓடுவது சில மில்லி ஆம்பியர். படலத்தை உடைக்க அதற்குத் தெம்பில்லை. எஞ்சின் அதிரும்போது தகரப் பூச்சுள்ள ஆண் பின்னும் பெண் பின்னும் மைக்ரான் கணக்கில் முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உரசலிலும் புதிதாக வெளிப்படும் தகரம் காற்றுப்பட்டு ஆக்ஸைடாகும். அந்தக் கரும்பொடி இடையில் சேர்ந்துகொண்டே வரும். சில மில்லி ஆம்பியருக்கு 0.3 வோல்ட் விழ அறுபது முதல் நூறு ஓம் தேவை. நல்ல தொடர்பில் ஓமின் நூறில் ஒரு பங்கு சுமாரில் இருக்க வேண்டிய இடம் அது. ஓம் மீட்டரை வைத்தால் பத்துத் தடவையில் ஒன்பது தடவை நன்றாகவே காட்டும், ஏனென்றால் மீட்டரை வைப்பதற்காக நீங்கள் அதை அசைத்துவிட்டீர்கள்.

ஸ்கோப்பில் முள்ளைப் பிடித்த பிறகுதான் கப்ளரை உருவ வேண்டும். சாவியை ஆஃப் செய்து பத்துப் பதினைந்து நொடி பொறுங்கள். பல ஈசியூக்கள் ஆஃப் செய்த பிறகும் பட்டர்பிளையை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகும். உருவியதும் பின்களை நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆண் பின்னின் முனையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தது போலக் கறுப்பு தெரிந்தால் அதுதான் உரசல் அரிப்பு. பிறகு பிடிமானம். அதே அளவுள்ள ஓர் ஆண் பின்னைப் பழைய கப்ளர் ஒன்றிலிருந்து உருவி வைத்துக்கொண்டு, ஆறு பெண் பின்களிலும் ஒவ்வொன்றாக நுழைத்து இழுங்கள். ஐந்து கையைப் பிடிக்கும், ஒன்று லொடலொடவென்று வந்துவிடும். அந்த ஒன்று எர்த் பின்னாக இருந்து, ஸ்கோப்பில் முள் மேல்நோக்கிக் குத்தியிருந்தால் இனி எதையும் தேட வேண்டாம். மீட்டரின் தடித்த முனையைப் பெண் பின்னுக்குள் குத்தி அளந்த வண்டிகளில் இந்த லொடலொடப்பு செயற்கையாகவே வந்திருக்கும். இதற்கு முன் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

உப்புத்தாள் போடுவது தற்காலிக வேலை. பூச்சு போய் அடித்தாமிரம் வெளியே வந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். பின்னை மாற்ற வேண்டும். பின் தனியாகக் கிடைக்கவில்லை என்றால் ஒரு சாண் வயரோடு கப்ளரை மாற்றலாம். இணைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னே பின்னே தள்ளிப் போட்டு, கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். அதிரும் இடத்தில் சால்டர் ஊறி விறைத்த வயர், விறைப்பு முடிகிற விளிம்பில் ஒடியும். பின்களில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிய பூச்சாக. அதோடு வேலை முடிந்துவிடாது. வயரிங் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். த்ராட்டில் பாடி எஞ்சினோடு ஆடுகிறது, வயரிங் பாடியில் கட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு கியருக்கும் கப்ளர் இழுபடும். தொய்வு விட்டு, கப்ளரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் எஞ்சினிலேயே ஒரு டை போட வேண்டும். எஞ்சின் மவுண்டிங் உட்கார்ந்துபோன வண்டியில் இதைச் செய்யாமல் பின்னை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். வயரிங்கைப் பிரித்தது பிரித்தாயிற்று, எலி கடித்த இடம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

"எர்த் வீக்" என்று கேட்டதும் த்ராட்டில் கப்ளரின் எர்த் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து பாடியில் போல்ட் போட்டு முடுக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. செய்யக் கூடாது. சென்சார் எர்த் ஈசியூவுக்குத் தனியாகத் திரும்ப வேண்டிய வயர். பாடியில் இணைத்தால் ஃபேன், ஹெட்லைட், ஸ்டார்ட்டர் கரண்டின் ஏற்ற இறக்கம் எல்லாம் சிக்னலுக்குள் புகும். ஈசியூவின் சொந்த எர்த்தைச் சோதிப்பது வேறு விஷயம். ஹெட்லைட், ஏசி புளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, ஈசியூ எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 100 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மேலே போனால் எஞ்சின் எர்த் பட்டையையும் பாடி போல்ட்டையும் கழற்றிச் சுரண்டி முடுக்குங்கள்.

பாகமே குற்றவாளியாக இருக்கும்போது

வயரிங் கட்சி பேசுகிறேன் என்பதற்காகப் பாகங்கள் எல்லாம் உத்தமம் என்று சொல்லவில்லை. 1999 முதல் 2001 வரையிலான வால்வோ கார்களில் வந்த மாக்னெட்டி மரெல்லி த்ராட்டில் மாட்யூல் இதற்குப் பேர்போன உதாரணம். உள்ளே இருந்தது உரசிப் போகும் ரகப் பொட்டென்ஷியோமீட்டர். ஐடிலில் பட்டர்பிளை ஓயாமல் நுணுக்கமாக அசைந்துகொண்டே இருப்பதால் அந்த ஒரு சிறு பகுதியில் தடம் தேய்ந்து, சிக்னல் குதித்து, வண்டி லிம்ப் மோடுக்குப் போகும். கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் தலையிட்ட பிறகு நிறுவனம் அந்த மாட்யூலுக்கு 10 ஆண்டு, 2 லட்சம் மைல் வரை வாரண்டியை நீட்டியது. அங்கே எத்தனை முறை கப்ளரைச் சுத்தம் செய்தாலும் பயனில்லை. பின்னாளில் தனியார் பட்டறைகள் தொடர்பே இல்லாத காந்த வகை சென்சாரைப் பொருத்தி அதே மாட்யூலை மீட்டுக் கொடுக்கத் தொடங்கின. 2000களின் நடுவிலிருந்து பல நிறுவனங்கள் காந்த வகைக்கு மாறிவிட்டதால், அதற்குப் பிந்தைய வண்டிகளில் "தடம் தேய்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் உள்ளே தடமே இருக்கிறதா என்று கேட்கலாம். இன்னொரு விசித்திரமும் பதிவாகியிருக்கிறது. வண்டி தானாக வேகமெடுக்கிறது என்று எழுந்த டொயோட்டா விவகாரத்தில் நாசா பொறியாளர்கள் பெடல் சென்சார்களைப் பிரித்துப் பார்த்தபோது, தகரப் பூச்சிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய உலோக இழை தானாக முளைத்து இரண்டு சிக்னல்களுக்கு நடுவே பாலம் போட்டிருந்ததைக் கண்டார்கள். 2011ல் வெளியான அந்த ஆய்வு, பெரிய அளவில் த்ராட்டில் தானாகத் திறந்துகொள்வதற்கு எலக்ட்ரானிக் காரணம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் விட்டு விட்டு வரும் பெடல் கோளாறுக்கு அந்த இழை நல்ல விளக்கம்.

மோட்டார் பிரஷ் தேய்ந்தால் அடையாளம் வேறு. ஈசியூ கேட்ட கோணமும் உண்மையான கோணமும் பிரியும், கூட்டுத்தொகை மட்டும் 5லேயே இருக்கும். கப்ளரை உருவிவிட்டு மோட்டார் பின்களில் ஓம் மீட்டரை வைத்துப் பட்டர்பிளையை விரலால் மெல்லத் திருப்பினால், சில ஓமுக்குள் ஆடிக்கொண்டிருக்கும் அளவு ஓரிடத்தில் திறந்த சர்க்யூட் என்று காட்டும். விரல் விடுவதற்கு முன் சாவி ஆஃப், கப்ளர் கழற்றியாயிற்று என்பதை இரண்டுமுறை பாருங்கள். மோட்டார் விரலுக்கு இரக்கம் காட்டாது. பட்டர்பிளையை விட்டதும் எந்தப் பக்கமிருந்தும் தடையின்றி அந்தச் சில டிகிரி திறந்த இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். கார்பன் படிவு பெரும்பாலும் ஐடில் ஆட்டம், நின்று நின்று போவது என்ற அளவில்தான் தொந்தரவு தரும், பி2135க்கு அதைக் காரணம் காட்டுவது அபூர்வமாகவே பொருந்தும். சுத்தம் செய்வதாக இருந்தால் த்ராட்டிலுக்கு என்று விற்கும் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். கார்புரேட்டர் கிளீனர் சில பாடிகளின் உள் பூச்சைக் கரைத்துவிடும்.

பெடலை மிதித்தும் இழுக்கவில்லை, ஆனால் த்ராட்டில் கோட் எதுவுமே இல்லை என்றால் பிரேக் ஸ்விட்சைப் பாருங்கள். அதிலும் இரண்டு தொடர்புகள் உண்டு. பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து மிதிபடுவதாக நினைத்தால் சில ஈசியூக்கள் பவரை வெட்டிவிடும். பி0504 வந்திருந்தால் அநேகமாக இதுதான். நூற்றுக்கணக்கில் முடிகிற பாகம்.

மாட்டிய பிறகு

பாகத்தை மாற்றினாலும் துடைத்தாலும் மூடிய நிலை எது என்பதை ஈசியூவுக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐடில் 1,500ல் நிற்கும், புதிதாக ஒரு புகார் தொடங்கும். பழைய ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா ரகத்தில் எஞ்சின் ஆஃப், சாவி ஆன் நிலையில் ஸ்கேனரில் பேசிக் செட்டிங் 060. பல நிஸான்களில் ஸ்கேனர் இல்லாமலும் முடியும். எஞ்சின் சூடான பிறகு ஆஃப் செய்து, சாவியை ஆன் செய்து மூன்று நொடி பொறுத்து, ஐந்து நொடிக்குள் பெடலை ஐந்துமுறை முழுக்க மிதித்து விட்டு, ஏழு நொடி காத்திருந்து, மறுபடி முழுக்க மிதித்துச் சுமார் இருபது நொடி பிடித்தால் செக் எஞ்சின் லைட் மினுக்கி நின்று எரியும். மூன்று நொடிக்குள் காலை எடுத்து ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட வேண்டும். கடிகாரம் கையில் இல்லாமல் இது நடக்காது. பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் எந்த வண்டியிலும் முயற்சிக்க வேண்டாம், பாதியில் நின்றுவிடும்.

ஷெட்டில் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள் என்றால் கழற்றிய பழைய த்ராட்டில் பாடியைக் கேட்டு வாங்கி வையுங்கள், சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளுக்கு எடைக்குப் போவதற்குள். உங்களுடையது தலைகீழ் ஜோடி என்றால் சோதிக்க ஈசியூ வேண்டாம். பழைய போன் சார்ஜர் ஒன்றின் யூஎஸ்பி வயரை வெட்டி, சிவப்பைச் சப்ளை பின்னிலும் கறுப்பை எர்த் பின்னிலும் கொடுங்கள். எந்தப் பின் எது என்பதை அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு கொடுங்கள், மோட்டார் பின்களைத் தொட வேண்டாம். முதலில் சார்ஜர் தருவது எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள், 5.08 என்று இருக்கலாம். பிறகு பட்டர்பிளையைத் தீக்குச்சி தடிமன் தடிமனாகத் திறந்து, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சிக்னலையும் அளந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். வெதுவெதுப்பாகச் சூடாக்கியும் ஒருமுறை. ஐடில் பகுதியில் இன்னும் நிதானமாக. எல்லா வரியிலும் 5.08, 5.07, 5.08 என்றே வந்தால் அதைத் துணியில் சுற்றி டிக்கியில் போட்டுவிட்டு, புதியதில் மாட்டியிருக்கும் கப்ளரின் எர்த் பின்னைப் பாருங்கள்.